"பழசு சார், அப்படித்தான் ஹேங் ஆகும்" - அப்படியா சார்?

ரொம்ப நாளா மனசுல வெச்சுக் குமுறிக்கிட்டிருந்த விஷயம். இன்னைக்குக் கொட்டிடறேன். இன்னமும் பதிவு எழுதிக்கிட்டு, அடுத்தவன் பதிவையும் படிச்சுக்கிட்டிருக்குற நாலஞ்சு புண்ணியவான்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோட உக்காருங்க.

"ரேண்டமா ஹேங் ஆகுது." இந்த ஒரு வாக்கியத்தைத் தடை பண்ணணும்ங்கறது என் கட்சி. கட்சியில இப்போதைக்கு நான் ஒரே ஆளு. இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சதும் நீங்களும் உறுப்பினர் ஆயிடுவீங்கன்னு ஒரு நப்பாசை.

கதை இதுதான். போன நவம்பர் மாசம் குன்னூர்ல எங்க வீட்டுக்குக் கீழ இருக்குற காயலான் கடைக்கு ஒரு இரும்பு அலமாரியைப் போடப் போனேன். அங்க மூலையில ஒரு டெஸ்க்டாப்பு கவுந்து கிடந்துச்சு. ஏதோ ஆபீஸ்ல ஏலத்துல கழிச்சுவிட்டது. பின்னாடி ஸ்டிக்கர்ல 2009-ன்னு போட்டிருக்கு. உள்ள இன்டெல் கோர் 2 டியோ, 2.93 கிகாஹெர்ட்ஸ், 2 ஜிபி ராம்.

"அண்ணே, இது என்ன விலை?"

"எடை போட்டா அம்பது அறுபது ரூபாதான் தம்பி தேறும். பொட்டியா வேணும்னா எழுநூறு குடு."

அலமாரியைப் போட்டுட்டு காசு வாங்கிட்டு வரப் போனவன், பொட்டியத் தூக்கிட்டு வந்தேன். வீட்டம்மா பார்த்த பார்வையைப் பத்தித் தனிப் பதிவே போடலாம். வேணாம், குடும்பம் நடத்தணும் :-)

இது எனக்கு வாங்கலை. பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு, காலேஜ் ரெண்டாம் வருஷம். அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறாங்க. அந்தப் பொண்ணு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மொபைல்லயே கட்டை விரலால டைப் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நாப்பது பக்கம். பார்க்க எனக்கே விரல் வலிச்சுது. என் பழைய லேப்டாப்புல இருந்து ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டியைக் கழட்டி இந்தப் பொட்டியில மாட்டி, லினக்ஸ் மின்ட் போட்டு, அவங்க வீட்டு ஜன்னலோரமா ஒரு ஸ்டூல்ல வெச்சுக் குடுத்துட்டு வந்தேன். ஏதோ பெரிய வள்ளல் மாதிரி ஒரு நெனப்பு வேற.

மூணாவது நாள் அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நின்னுச்சு. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"அண்ணா, கம்ப்யூட்டர் அப்படியே நின்னுடுச்சு. பதினொரு பக்கம் போச்சு. நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டேனாண்ணா?"

இந்தப் பதிவு அந்தக் கடைசிக் கேள்வியைப் பத்தினது. "நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டேனா?"

நல்லா கவனிங்க மக்களே. பொட்டி நின்னதுக்கு அந்தப் பொண்ணு என்ன செஞ்சிருக்க முடியும்? அது டைப் அடிச்சுச்சு, அவ்வளவுதான். ஆனா காரணம் தெரியாத பழுது எப்பவும் அந்த வீட்டுல இருக்குறதுலயே பலவீனமான ஆளு தலையிலதான் போய் விழும். அப்பா உக்காந்திருக்கும்போது ஹேங் ஆனா "சனியன், ஓட்டைப் பொட்டி". பொண்ணு உக்காந்திருக்கும்போது ஹேங் ஆனா "என்னத்தடி அழுத்தின?". நம்ம வீடுகள்ல நடக்குறதுதானே இது? "ரேண்டம்"னு நாம சாதாரணமா சொல்லிட்டுப் போற வார்த்தைக்குக் கட்டணம் கட்டுறது யாருன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

சரி, நிபுணர்கள்கிட்ட போவோம்னு போனேன். முதல் நிபுணர், சர்வீஸ் கடைக்காரர். பொட்டிய மேசை மேல வெச்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

"பழசு சார். அப்படித்தான் ஹேங் ஆகும். ஃபார்மேட் பண்ணிடலாம், 600 ரூபா."

"நானே புதுசா போட்ட ஓஎஸ்ங்க, மூணு நாள்தான் ஆச்சு."

"லினக்ஸா? அதான் சார் ப்ராப்ளம்."

அவ்வ்வ்வ். 600 குடுத்தேன். வேற ஏதோ ஒரு திருட்டு விண்டோஸைப் போட்டுக் குடுத்தார். மறுநாள் காலையில அதுவும் நின்னுச்சு. சொந்த செலவுல சூனியம்னா இதுதான்.

ரெண்டாவது நிபுணர் யாரு தெரியுமா? நான்தான். பதினஞ்சு வருஷமா பொட்டி தட்டுறவன்ங்கற திமிரு. "ஹேங்கா? ராம்தான்" அப்படின்னு ஒரே போடு. ராமைக் கழட்டி, நம்ம தேசிய வைத்திய முறைப்படி பென்சில் ரப்பரால கால்களைத் தேய்ச்சு மாட்டினேன். தப்பு சொல்லல, காண்டாக்ட்ல பாசம் புடிச்சிருந்தா ரப்பர் வேலை செய்யும். ஆனா அது ஒரு குருட்டு மாத்திரை. எந்த நோய்க்குக் குடுக்குறோம்னே தெரியாம குடுக்குறது. அதோட நிக்காம 450 ரூபாய்க்குப் பழைய ராம் ஒண்ணு வாங்கி மாத்தியும் விட்டேன். பொங்கல் லீவு. பொட்டியைச் சோதிக்க என் வீட்டுக்குக் கொண்டுவந்து வெச்சிருந்தேன். நாலு நாள் ஒரு ஹேங்கும் இல்ல. "பாத்தியா, அண்ணன் சரி பண்ணிட்டேன்"னு சீன் போட்டுத் திருப்பிக் குடுத்தேன்.

அஞ்சாவது நாள் காலையில ஆறே முக்காலுக்கு அந்தப் பொண்ணு வீட்டுல மறுபடியும் நின்னுச்சு.

ஏன் என் வீட்டுல நாலு நாள் நிக்கல? ரகசியத்தைச் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. லீவு நாள்ல நான் எந்திரிக்கிறதே பத்து மணிக்கு. பொட்டியைப் போட்டதெல்லாம் வெயில் ஏறின பிறகு. இது அப்ப எனக்குத் தெரியல. மண்டையில எறியல.

மூணாவது நிபுணர்கள், இணையத்துல எழுதுற நம்ம ஆளுங்க. "கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? இதோ 10 வழிகள்." டெம்பரரி ஃபைலை அழி, வைரஸ் ஸ்கேன் போடு, டிரைவரை அப்டேட் பண்ணு, ராமை மாத்து, எஸ்எம்பிஎஸ்ஸை மாத்து, கடைசியா பத்தாவது: புதுசு வாங்கு. இந்தப் பத்தையும் வரிசையா செஞ்சா காசும் போகும், காரணமும் தெரியாது. ஏதோ ஒண்ணுல சரியாயிட்டா எதுனால சரியாச்சுன்னு தெரியாது. ஆகலன்னா பொட்டியத் தூக்கிப் போட ஒரு சாக்கு. கோவிச்சுக்காதீங்க, நானே அந்த மாதிரி ரெண்டு பதிவு எழுதியிருக்கேன். இப்பப் படிச்சா வெக்கமா இருக்கு.

இதுல திருப்பத்தைக் குடுத்தது நான் இல்ல, கடைக்காரர் இல்ல, அந்தப் பொண்ணுதான். ஒரு நாப்பது பக்க நோட்டுல கோடு போட்டு எழுதி வெச்சிருந்துச்சு. தேதி, ஆன் பண்ணின நேரம், ஹேங் ஆன நேரம், அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன். பதினேழு தடவை. எதுக்கும்மா எழுதினேன்னு கேட்டா, "நான் தப்பு பண்ணலன்னு காட்டத்தான்"னுச்சு.

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். பதினேழுல பதினஞ்சு, ஆன் பண்ணின முதல் இருபது நிமிஷத்துக்குள்ள. பதினாலு, காலை எட்டு மணிக்கு முன்னாடி. ஒருதடவை நின்னதும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா ரெண்டாவது தடவை கொஞ்சம் அதிக நேரம் தாங்குது. மூணாவது தடவை சாயங்காலம் வரைக்கும் ஓடுது.

இதுக்குப் பேரு ரேண்டமா? குன்னூர்ல ஜனவரி மாசக் காலையில பத்து டிகிரி. மத்தியானம் இருபதைத் தொடும். பொட்டி குளிர்ல நிக்குது, சூடானா ஓடுது. "ஹீட்டாகி ஹேங் ஆகுது சார்"னு ஊரே சொல்லுமே, அதுக்கு நேர் எதிர்.

அப்புறம்தான் ஒழுங்கா வேலையை ஆரம்பிச்சேன். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயம். ஒவ்வொரு படியும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும், இல்லாட்டி அந்தப் படி வேணாம்.

முதல் கேள்வி: நின்னது படம் மட்டுமா, மொத்த உடம்புமா? ஹேங் ஆனதும் கீபோர்டுல கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்க. லைட்டு எரிஞ்சு அணைஞ்சா உள்ள உசுரு இருக்கு, ஏதோ ஒரு சாஃப்ட்வேரோ கிராஃபிக்ஸோ மாட்டிக்கிட்டு முழிக்குதுன்னு அர்த்தம். லைட்டு அசையலன்னா பெரும்பாலும் ஆழமா விழுந்திருக்கு. எங்க பொட்டியில அசையல.

ரெண்டாவது கேள்வி: ஓஎஸ்ஸா, ஹார்ட்வேரா? இதுக்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை ஒண்ணு இருக்கு. எந்தக் கடையிலயும் யாரும் செஞ்சு நான் பார்த்ததில்ல. காலையில எஸ்எஸ்டியோட வயரைப் புடுங்கிட்டு, பொட்டியை ஆன் பண்ணி, பயாஸ் செட்டப்புக்குள்ள போய் அப்படியே விட்டுடுங்க. அங்க கடிகாரம் இருக்கும், நொடி ஓடிக்கிட்டிருக்கும். நான் காப்பி டம்ளரோட உக்காந்து பார்த்தேன். 7 மணி 4 நிமிஷம் 31 நொடி. அதோட நின்னுச்சு. 

விண்டோஸ் இல்ல, லினக்ஸ் இல்ல, வைரஸ் இல்ல, டிஸ்க்கே இல்ல. வெறும் பயாஸ்ல நின்ன பொட்டியை ஃபார்மேட் பண்ணி யாரு சரி பண்ணுவா? இந்தக் காப்பி டம்ளர் சோதனையை நான் முதல் நாளே செஞ்சிருந்தா 600 ரூபா மிச்சம்.

மூணாவது கேள்வி: ராமா? மெம்டெஸ்ட் 86 ப்ளஸ்னு ஒரு இலவச மென்பொருள். பென் டிரைவ்ல போட்டு நேரா பூட் பண்ணலாம். பல வருஷமா தூங்கிக்கிட்டிருந்ததை 2022-ல புதுசா எழுதி 6-ஆம் பதிப்பா விட்டாங்க, பழைய பொட்டியிலயும் ஓடுது, புதுசுலயும் ஓடுது. ராத்திரி முழுக்க ஓட விட்டேன், எட்டு மணி நேரம், ஒரு பிழையும் இல்ல. ஆஃப் பண்ணி ஒருநாள் ஆறவிட்டு அடுத்த நாள் விடியக்காலையில அதையே ஓட்டினேன். ஆறாவது நிமிஷம் மெம்டெஸ்ட்டே ஹேங்! பழைய ராமை மாட்டினாலும் அதே, புது ராமை மாட்டினாலும் அதே, ஸ்லாட்டை மாத்தினாலும் அதே. ராம் நிரபராதி. என் 450 ரூபாயும் போச்சு.

நாலாவது கேள்வி: கரண்டா? எஸ்எம்பிஎஸ்ஸை மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தேன். 12 வோல்ட் லைன் 11.4-லருந்து 12.6-க்குள்ளயும், 5 வோல்ட் லைன் 4.75-லருந்து 5.25-க்குள்ளயும் இருக்கணும். இருந்துச்சு. ஆனா மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், வோல்டேஜ் உள்ளுக்குள்ள நடுங்குறதைக் காட்டாது. அதனால மீட்டர் நல்லாருக்குன்னு சொல்லிட்டா எஸ்எம்பிஎஸ் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. நண்பர்கிட்ட வேற எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டினேன். காலையில மறுபடியும் நின்னுச்சு. எஸ்எம்பிஎஸ்ஸும் நிரபராதி. (ஒரு எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீங்க. 230 வோல்ட் உள்ள போய் டிசி ஆகும்போது 325 வோல்ட் வரைக்கும் நிக்கும். பிளக்கைப் புடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அங்கயே குந்தியிருக்கும். விளையாட்டு இல்ல.)

மிச்சம் இருக்குறது பிராசசரும் மதர்போர்டும்தான். பிராசசர் குளிர்ல நிக்கிறது அபூர்வம். இந்த எடத்துல எனக்கும் தெரிஞ்சது தீர்ந்துபோச்சு. கீழ பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ, டிவி ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர் இருக்கார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சும்மா புலம்பலாமேன்னு சொன்னேன்.

"காலையில நிக்குது, சூடானா ஓடுதா?" அப்படின்னார்.

"ஆமாங்க ஐயா."

"கண்டென்சரு காஞ்சிருக்கும். அந்தக் காலத்துப் பொட்டி டிவியில இதே கேசு எத்தனை பாத்திருக்கேன். காலையில படம் சுருங்கி வரும், கால் மணி நேரத்துல சரியாயிடும். வீட்டுல முடி காய வெக்கிற மிஷினு இருக்கா? காலையில ஆன் பண்றதுக்கு முன்னாடி போர்டுல டப்பா டப்பாவா நிக்கும் பாருங்க, அதுங்க மேல ரெண்டு நிமிஷம் அனல் காட்டுங்க. நிக்காம ஓடுச்சுன்னா எடுத்துட்டு வாங்க."

மறுநாள் ஹேர் டிரையர் காட்டினேன். ஓடுச்சு. அதுக்கு மறுநாள் காட்டல. நின்னுச்சு. மறுபடி காட்டினேன். ஓடுச்சு. முடி காய வெக்கிற மிஷின்!

நாம கெபாசிட்டர்னு சொல்றதைத்தான் அந்தத் தலைமுறை கண்டென்சர்னு சொல்லும். ஃபேன்ல இருக்குமே, அதே ஜாதி. மதர்போர்டுல சின்னச் சின்ன உருளையா நிக்கிறது எலக்ட்ரோலிடிக் வகை. உள்ள ஒரு திரவம். வர்ற கரண்டோட நடுக்கத்தை வாங்கி அமைதிப்படுத்தி ராமுக்கும் பிராசசருக்கும் குடுக்குறது இதோட வேலை. வருஷம் ஆக ஆக அந்தத் திரவம் வத்தும், உள்தடை ஏறும், நடுக்கத்தை வாங்க முடியாது. குளிர்ல இந்த உள்தடை இன்னும் ஏறும், சூடானா குறையும். அதான் காலையில நிக்குது, மத்தியானம் ஓடுது.

இப்ப ஒரு கணக்கு. சாதாரணமா இந்த ரகக் கெபாசிட்டர்ல "105 டிகிரியில 2000 மணி நேரம்"னு ஒரு ஆயுள் சொல்லுவாங்க. பத்து டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெட்டிப்பாகும்ங்கறது இந்தத் துறையில எல்லாரும் வெச்சிருக்குற தோராயக் கணக்கு. கேஸுக்குள்ள 65 டிகிரின்னு வெச்சுக்கிட்டா நாப்பது டிகிரி குறைவு, நாலு தடவை ரெட்டிப்பு, 32,000 மணி நேரம். ஆபீஸ்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள், ஆக 3000 மணி நேரம். வகுத்துப் பாருங்க. பத்து வருஷம், கொஞ்சம் கூட. அவ்வளவுதான் ரகசியம். பிராசசர் நல்லாருக்கு, ராம் நல்லாருக்கு, சிப்செட் நல்லாருக்கு. ஆறு டப்பாவோட ஆயுள் முடிஞ்சுபோச்சு. கணக்குப்படி சாகுற ஒண்ணை எப்படிய்யா ரேண்டம்னு சொல்றீங்க?

இது ஒண்ணும் புது நோயும் இல்ல. 1999-லருந்து 2007 வாக்குல வந்த மட்டமான கெபாசிட்டர்கள் உலகம் பூரா மதர்போர்டுகளைச் சாகடிச்சதுக்கு "கெபாசிட்டர் பிளேக்"னு பேரே உண்டு. 2005-ல டெல் கம்பெனி இந்தக் கெபாசிட்டர் பிரச்சினைக்காக 30 கோடி டாலர் கணக்குல ஒதுக்கிச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே காசு கரைய வெச்ச விஷயம், கடைக்காரர் மேசையில "பழசு சார்" ஆயிடுது. அதுலயும் அப்ப செத்ததெல்லாம் அன்னைக்குப் புதுப் பொட்டிங்க. பழசுங்கறது காரணமே இல்லைன்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

பெரியவர் போர்டைப் பார்த்தார். ராம் ஸ்லாட்டு பக்கம் ரெண்டு டப்பா தலை லேசா உப்பியிருந்துச்சு. தலை தட்டையா இருக்கணும், உப்பினா போச்சு. விரல் வெச்சுத் தடவினாத்தான் தெரியுது. மிச்ச நாலு வெளிய நல்லாருந்தாலும் ஒரே ரகம், ஒரே வயசு, அதனால ஆறையும் மாத்திடலாம்னார். 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட். கோயம்புத்தூர் போனப்ப காந்திபுரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் ஸ்பேர்ஸ் கடையில வாங்கினேன், ஒண்ணு எட்டு ரூபா. வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க: மைக்ரோஃபாரட் அதேதான் இருக்கணும், வோல்ட் அதே அல்லது அதுக்கு மேல, "லோ ஈஎஸ்ஆர் 105 டிகிரி"ன்னு கேட்டு வாங்கணும். மாட்டும்போது நெகட்டிவ் கோடு மாறக் கூடாது, மாறினா தீபாவளி.

பெரியவர் ஒரு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து ஈயத்தை உருக்கி உருக்கி ஆறையும் மாத்தினார். "போர்டு ரொம்ப சூட்டைக் குடிக்குதுப்பா"ன்னு திட்டிக்கிட்டே. கூலி எவ்வளவுங்கன்னா "குடு ஏதாச்சும்". இருநூறு குடுத்தேன்.

கணக்கைப் போட்டுக்குங்க. தெரியாம செஞ்ச வைத்தியம் 600 + 450 = 1050 ரூபா. தெரிஞ்சு செஞ்ச வைத்தியம் 48 + 200 = 248 ரூபா. இதுல நோயைக் கண்டுபிடிச்ச செலவு? ஒரு நாப்பது பக்க நோட்டு.

இப்ப எதிர்க்கேள்விகளுக்கு வரேன். பின்னூட்டத்துல கும்முறதுக்கு முன்னாடி நானே கேட்டுக்கறேன்.

"கடைக்காரனைத் திட்டாதீங்க, அவனும் பொழைக்கணும்ல?" நியாயம். யோசிச்சுப் பார்த்தா அவர் மேல பாதித் தப்புதான். "மூணு நாள் வெச்சுப் பாத்தேன், ராம் இல்லைன்னு கண்டுபிடிச்சேன், 500 ரூபா குடுங்க"ன்னு அவர் கேட்டா நாம குடுப்போமா? "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?"ம்போம். மாத்தினாத்தான் காசு, கண்டுபிடிச்சா காசு இல்ல. அப்புறம் அவர் ஏன் கண்டுபிடிக்கப் போறார்? ஃபார்மேட் கலாச்சாரத்தை வளர்த்தது நாமதான்.

"உன் நேரத்துக்கு விலை இல்லையா?" இருக்கு. நான் செலவு பண்ணின நேரத்துல முக்கால்வாசி, யோசிக்காம எதையெதையோ மாத்தினதுல போனது. ஒழுங்கா செஞ்ச சோதனைகள் எல்லாம் விடியக்காலையில தலா பத்து நிமிஷம். காலையில சீக்கிரம் எந்திரிச்சதுதான் உண்மையான தியாகம் :-)

"பழைய பொட்டி கரண்டைக் குடிக்கும்." அளந்து பார்த்தேன், மானிட்டர் இல்லாம 62 வாட். தினம் நாலு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 15 யூனிட். வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு 2016-லருந்து இருக்குற ஊர்ல, அந்த வீட்டுக்கு இது சுமையே இல்ல. நாள் பூரா ஓடுற சர்வரா வெச்சுக்கப் போறேன்னு சொன்னீங்கன்னா ஒத்துக்கறேன், புதுசு வாங்குங்க.

"பழைய ஓஎஸ் ஆபத்து." முழுசா ஒத்துக்கறேன். எக்ஸ்பிக்கு 2014-லயும், விண்டோஸ் 7-க்கு 2020-லயும் சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சாச்சு. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேக்குது, ஓரளவு புது பிராசசர் கேக்குது. அதனால எதுவுமே பழுதாகாத பொட்டிகள்கூட காயலான் கடைக்கு நடக்கப் போகுது. பொட்டி அதுக்கெல்லாம் தகுதி இல்லைன்னா திருட்டு விண்டோஸைப் போடாதீங்க. லினக்ஸ் போடுங்க, அப்டேட் வந்துக்கிட்டே இருக்கும்.

"ஒரு பொட்டியைக் காப்பாத்தி உலகத்தையா மாத்தப் போறே?" இல்ல சாமி. ஐ.நா. அமைப்புகளோட 2024 மின்கழிவு அறிக்கைப்படி 2022-ல மட்டும் உலகத்துல 6.2 கோடி டன் மின்கழிவு. அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி பண்ணினதா கணக்குல வந்தது 22.3 சதவீதம். நம்ம பொட்டி எட்டு கிலோ. அந்த மலையில ஒரு தூசு. நான் உலகத்துக்காக இதைச் செய்யல. அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும்னு செஞ்சேன்.

அதனால, நம்ம பதிவர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். இல்ல, சண்டையாவே எடுத்துக்குங்க. இனிமே யாராச்சும் "பொட்டி ரேண்டமா ஹேங் ஆகுது"ன்னு கேட்டா, "ராமை மாத்து"ன்னு ஆரம்பிக்காதீங்க. "பழசு, தூக்கிப் போடு"ன்னும் சொல்லாதீங்க. புதுசு வாங்க முடிஞ்சவன் உங்களைக் கேக்கவே மாட்டான். கேக்குறவன்கிட்ட இருக்குறது அது ஒண்ணுதான். "ஒரு வாரம் நோட்டுல எழுதிட்டு வா"ன்னு சொல்லுங்க. எப்ப ஆன் பண்ணின, எப்ப நின்னுச்சு, கேப்ஸ் லாக் எரிஞ்சுதா, குளிரா வெயிலா. எழுத ஆரம்பிச்சா ரேண்டம்ங்கறது பாதி கேசுல அங்கயே காணாமப் போயிடும். காரணம் இருக்கு, நமக்கு இன்னும் தெரியலங்கறதை ஒத்துக்கறதுல என்ன கவுரவக் குறைச்சல்? "எனக்குத் தெரியல"ன்னு சொல்றதுக்கு வாய் வராம "ரேண்டம்"னு இங்கிலீஷ்ல சொல்லித் தப்பிச்சுக்கறோம்.

கெபாசிட்டர் மாத்தின மறுநாள் காலையில ஆறரைக்கே அவங்க வீட்டுக்குப் போயிட்டேன். நல்ல பனி. பொட்டியை ஆன் பண்ணி பயாஸ்ல விட்டு மூணு பேரும் நொடியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம், நான், அந்தப் பொண்ணு, அவங்க அம்மா. அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பணும், கூடையை வாசல்ல வெச்சுட்டு நின்னுக்கிட்டிருந்தாங்க. ஏழு அஞ்சு தாண்டிச்சு. ஏழு இருபது தாண்டிச்சு. ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"அப்ப எம் பொண்ணு மேல தப்பு இல்லீங்களே தம்பி?" அப்படின்னாங்க.

"இல்லக்கா. கண்டென்சர் மேலதான் தப்பு."

அவங்க சிரிச்சுட்டுக் கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. பொண்ணு நோட்டுல பதினெட்டாவது வரியில தேதி போட்டு "நிக்கல"ன்னு எழுதிச்சு. ரெண்டு மாசம் ஆகப் போகுது, இன்னும் நிக்கல. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் நாப்பத்தி ரெண்டு பக்கத்துல முடிஞ்சு, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் குடுத்தாச்சு.

டிஸ்கி 1: சால்டரிங் பழக்கம் இல்லாதவங்க மதர்போர்டுல கைவெச்சுக் கத்துக்காதீங்க. முதல்ல செத்த போர்டுல பழகுங்க. இல்லாட்டி உங்க ஊர்லயும் ஒரு ரேடியோ ரிப்பேர் பெரியவர் இருப்பார், தேடுங்க. கூலியைப் பேரம் பேசாதீங்க.

டிஸ்கி 2: எல்லா ஹேங்குக்கும் கெபாசிட்டர்தான் காரணம்னு கிளம்பிடாதீங்க. "எல்லாத்துக்கும் ராம்"னு நான் சொன்ன அதே முட்டாள்தனம்தான் அதுவும். உங்க பொட்டிக்கு உங்க நோட்டு.

டிஸ்கி 3: அந்த 450 ரூபா ராம் சும்மா கிடக்கு. டிடிஆர் 2, 2 ஜிபி. வேணும்ங்கறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, இலவசம். ரப்பரால தேய்ச்சே அனுப்பறேன், இஃகி இஃகி.